புத்தகங்கள் கூண்டேறிய வருஷம்

1857 என்று சொன்னால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவை மீரட்டும் டில்லியும்தான். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட வருஷங்களில் அது முக்கியமானது. வெள்ளைக்காரர்கள் அதைச் சிப்பாய்க் கலகம் என்றார்கள். நாம் முதல் சுதந்திரப் போர் என்கிறோம். பெயர் எதுவானாலும், அந்த வருஷத்தை நினைத்தால் துப்பாக்கிப் புகையின் வாடைதான் நமக்கு வருகிறது.

கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வருஷத்தின் மேல் இன்னொரு காரணத்தாலும் ஒரு கண் உண்டு. இலக்கிய சரித்திரத்தில் நல்ல விளைச்சல் கண்ட வருஷங்கள் சில இருக்கின்றன. 1922ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலும் டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையும் வெளிவந்தன. அப்படிப் பொன் விளைந்த வருஷங்களைப் பற்றி எழுதுவது சுலபம். பெயர்களை வரிசையாக அடுக்கிப் பாராட்டிவிட்டுப் போகலாம். 1857 வேறு மாதிரியான வருஷம். விளைச்சலும் உண்டு, விளைந்ததைக் கட்டி இழுத்துக்கொண்டு கச்சேரி வாசலுக்குப் போனதும் உண்டு. ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் பாரிஸ் நகரத்தில் மூன்று எழுத்தாளர்களின் புத்தகங்கள் மீது வழக்கு நடந்தது. மூன்றிலும் சர்க்கார் தரப்பில் வாதாடியவர் ஒரே மனிதர். அந்த விவகாரத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அப்போது பிரான்ஸை ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன். 1851 டிசம்பரில் குடியரசைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த ஆண்டில் சக்கரவர்த்தி என்று பட்டம் கட்டிக்கொண்டவர். பலாத்காரமாக வந்த அரசாங்கத்துக்கு இரண்டு ஆசைகள் எப்போதும் இருக்கும். ஒன்று, ஜனங்கள் பேசாமல் இருக்கவேண்டும். இன்னொன்று, தான் ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் பெரிய காவலன் என்று பெயர் வாங்கவேண்டும். 1852இல் பத்திரிகைகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிடிக்காததை எழுதினால் எச்சரிக்கை; மறுபடியும் எழுதினால் மறுபடியும் எச்சரிக்கை; அதற்கு மேல் பத்திரிகையையே நிறுத்திவிடலாம். மகாகவி விக்டர் ஹ்யூகோ நாட்டை விட்டு வெளியேறி, கர்ன்ஸி என்ற சிறு தீவில் இருந்துகொண்டு சக்கரவர்த்தியைத் திட்டிக்கொண்டிருந்தார். நாட்டுக்குள் இருந்தவர்கள் வார்த்தைகளை அளந்து பேசினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் குஸ்தாவ் பிளாபேர் தம்முடைய முதல் நாவலை வெளியிட்டார்.

பிளாபேர் ரூவான் நகரத்துப் பெரிய டாக்டர் ஒருவரின் பிள்ளை. சட்டம் படிக்கப் பாரிஸுக்குப் போனார். உடம்புக்கு முடியாமல் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பினார். ஊருக்குப் பக்கத்தில் ஸேன் நதிக்கரையில் குருவாஸே என்ற இடத்தில் ஒரு வீடு. அங்கே தாயாரோடும், தாயில்லாத தமக்கை மகள்போல் வளர்ந்த தங்கை மகளோடும் இருந்துகொண்டு இரவெல்லாம் விளக்கெரிய எழுதினார். 1851 செப்டம்பரில் 'மதாம் பவாரி'யை ஆரம்பித்து, 1856ஆம் வருஷம் வசந்தத்தில் முடித்தார். ஏறக்குறைய ஐந்து வருஷம்! சில வாரங்களில் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் நகரவில்லை என்று நண்பர்களுக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். எழுதிய வாக்கியத்தை அறையில் உரக்கப் படித்துப் பார்த்து, காதுக்கு ஒவ்வாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

கதை பெரிய கதை அல்ல. கிராமத்து வைத்தியன் சார்ல்ஸ் பவாரி, நல்லவன், மந்தமானவன். அவன் மனைவி எம்மா கன்னிமாடத்தில் படிக்கும்போதே காதல் நாவல்களைத் திருட்டுத்தனமாகப் படித்து, வாழ்க்கையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியவள். கல்யாணமான பிறகு அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. ஒருவன்மேல் ஆசை வைக்கிறாள். அவன் கைவிட்டு ஓடுகிறான். இன்னொருவனை நாடுகிறாள், அவனும் சளைத்துப் போகிறான். நடுவில் ஜவுளிக்காரனிடம் கடன்மேல் கடன். கடைசியில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எம்மா மருந்துக் கடையில் பாஷாணத்தை எடுத்துத் தின்று, துடித்துச் சாகிறாள். இதுதான் கதை. இப்படிப்பட்ட கதைகள் எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை, நம்மூரிலும் நடந்திருக்கின்றன.

'ரெவ்யூ த பாரி' என்ற பத்திரிகையில் 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆறு இதழ்களில் நாவல் வெளியாயிற்று. பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவரான மாக்ஸிம் து கான், பிளாபேரின் பழைய சிநேகிதர். சர்க்காருக்கு ஆகாத பத்திரிகை அது. முன்பே எச்சரிக்கை வாங்கியிருந்தது. ஆகையால் ஆசிரியர்கள் பயந்துகொண்டே அச்சுப் போட்டார்கள். திரை இறக்கிய வாடகை வண்டி ஒன்று ரூவான் தெருக்களில் மணிக்கணக்காகச் சுற்றி வரும் காட்சியை வெட்டிவிட்டார்கள். வண்டிக்குள்ளே என்ன நடந்தது என்று பிளாபேர் ஒரு வரிகூட எழுதவில்லை. வண்டியை மட்டும்தான் காட்டினார். அதுவே அவர்களுக்கு அதிகமாகப் பட்டது. இன்னும் சில பகுதிகளிலும் கத்தரி விழுந்தபோது பிளாபேருக்குக் கோபம் வந்துவிட்டது. 'இனி நீங்கள் படிப்பது துண்டு துணுக்குகள். முழுப் படைப்பு அல்ல' என்ற பொருளில் ஒரு குறிப்பைப் பத்திரிகையிலேயே போட வைத்தார்.

இந்தக் குறிப்பைப் படித்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? வெட்டியது அவ்வளவு மோசமானால் வெட்டாததும் மோசமாகத்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கும். ஊர் வாயை மூடப்போய் ஊரைக் கூட்டிய கதையாயிற்று. ஆசிரியர் பிளாபேர், பத்திரிகை நிர்வாகி லோரான்-பிஷா, அச்சகத்துக்காரர் பிள்ளே ஆகிய மூவர்மீதும் சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மத ஒழுக்கத்துக்கும் விரோதமாக எழுதினார்கள், பிரசுரித்தார்கள், அச்சடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்திரிகையை ஒழிக்கத்தான் தம் நாவலைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிளாபேர் நினைத்தார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1858 ஜனவரியில் சக்கரவர்த்தியைக் கொல்ல ஒரு முயற்சி நடந்ததும் அந்தப் பத்திரிகையை மூடியே விட்டார்கள்.

வழக்கு 1857 ஜனவரி 29ஆம் தேதி விசாரணைக்கு வந்தது. சர்க்கார் வக்கீல் எர்னஸ்ட் பினார். அவருக்கு வயது 34; குற்றவாளிக் கூண்டில் இருந்த நாவலாசிரியருக்கு 35. பிளாபேர் தரப்பில் ஸெனார் என்ற மூத்த வக்கீல். 1848இல் தேசிய சபைக்குத் தலைவராகவும் பிறகு மந்திரியாகவும் இருந்தவர். பிளாபேர் ஒரு காரியம் செய்தார். மணிக்கு 60 பிராங்கு சம்பளம் பேசி ஒரு சுருக்கெழுத்தாளரைக் கோர்ட்டில் உட்கார வைத்தார். நாவல் முழுவதற்கும் புத்தகப் பிரசுரகர்த்தர் அவருக்குக் கொடுத்த தொகை 800 பிராங்குதான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் செலவின் அருமை தெரியும். அந்த மனிதர் எழுதி வைத்ததால்தான் அன்றைக்குக் கோர்ட்டில் பேசியது இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது.

பினாரை முட்டாள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அது நியாயம் அல்ல என்பது என் அபிப்பிராயம். அவருடைய பேச்சைப் படித்துப் பார்த்தால், அந்த நாவலைப் பல விமர்சகர்களைக் காட்டிலும் கவனமாகப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. எழுத்தில் திறமை இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய வாதத்தின் சாரம் இது: இந்தப் புத்தகத்தில் இந்தப் பெண்ணைக் கண்டிக்கக்கூடிய யோக்கியதை உள்ளவர் யார் இருக்கிறார்? புருஷனா? அவள் செத்த பிறகும் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். பாதிரியாரா? அவர் ஒரு கேலிப் பாத்திரம். மருந்துக் கடைக்காரனா? அவனும் கேலிப் பாத்திரம். மதம், குடும்பம், ஊர் எதுவும் அவளுக்கு மேலாக நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை. கட்டுப்பாடில்லாத கலை, ஆடையை எல்லாம் களைந்துவிட்ட ஸ்திரீயைப் போன்றது. அது கலையே அல்ல என்றார். இந்தப் புத்தகம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்றும் கேட்டார். அரசியல் பேசுகிற ஆண்களா இதைப் படிக்கப் போகிறார்கள்? இளம் பெண்கள் படிப்பார்கள். சில சமயம் கல்யாணமான பெண்களும் படிப்பார்கள் என்றார்.

இதில் முதல் பகுதி எவ்வளவு கூர்மையான வாசிப்பு என்று கவனியுங்கள். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதுதான் அந்த நாவலின் புதுமை. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேராசிரியர்கள் எதைப் பிளாபேரின் சாதனை என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்களோ, அதைத்தான் பினார் குற்றம் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்.

ஆனால் ஓரிடத்தில் அவர் சறுக்கினார். முதல் முறையாகக் கற்பு தவறிய அன்று எம்மா வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். தான் அழகாகி விட்டதாகவும், இத்தனை நாள் ஏங்கிய ஆனந்தம் வந்துவிட்டதாகவும் அவளுக்குத் தோன்றுகிறது. இதைப் பினார், ஆசிரியரே விபசாரத்துக்குப் பாடும் தோத்திரம் என்று எடுத்துக்கொண்டார். ஜெர்மன் இலக்கிய ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் இந்த இடத்தை எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார்: அந்த வாக்கியங்கள் பிளாபேருடையவை அல்ல, எம்மாவின் மனத்தில் ஓடுபவை.

சங்கதி சின்னதுதான், தமிழில் ஓர் உதாரணம் சொன்னால் புரிந்துவிடும். 'மாமியார் ஊருக்குக் கிளம்பிப் போனாள். அப்பாடா! இனி நாலு நாளைக்கு இந்த வீட்டிலும் சூரியன் உதிக்கும்.' இப்படி நான் ஒரு கதையில் எழுதினால், இரண்டாவது வாக்கியம் யாருடையது? மருமகளுடையது. 'என்று நினைத்தாள்' என்ற இரண்டு வார்த்தைகளை நான் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். எனக்கு மாமியார்கள்மேல் ஒரு விரோதமும் கிடையாது. இன்றைக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிக்கிற எவரும் இதைச் சிரமமில்லாமல் புரிந்துகொள்வார். 1857இல் அந்த இரண்டு வார்த்தைகள் இல்லாததால் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போயிருக்கக்கூடும்.

எவரும் புரிந்துகொள்வார் என்று சொல்லிவிட்டேனே தவிர, முழுக்க அப்படியும் இல்லை. என் தொடர்கதை ஒன்றில், பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று நினைக்கிற ஒரு தாசில்தார் வந்தார். அவர் மனத்தில் ஓடுவதை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அடுத்த வாரமே ஒரு கடிதம் வந்தது. 'தங்களைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட பிற்போக்கான கருத்தைப் பரப்பலாமா? என் மகள் தங்கள் கதையைப் படிக்கிறாள்' என்று ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். நல்ல மனிதர், மகளைப் படிக்க வைக்கிறவர். பினாரைப் படிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் எனக்கு வருகிறது. அந்த வக்கீல் முகமில்லாத அரக்கர் அல்ல. மகளுக்காகக் கவலைப்படுகிற ஒரு தகப்பனாரின் குரல் அவரிடமும் இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். தகப்பனார் கையில் இருந்தது ஒரு தபால் கார்டு. பினார் கையில் இருந்தது சர்க்கார்.

ஸெனார் எழுந்து நாலு மணி நேரம் பேசினார். புத்தகம் பாவத்தைக் கவர்ச்சியாகக் காட்டவில்லை, அதன் பயங்கரமான முடிவைக் காட்டி நல்வழிப்படுத்துகிறது என்றார். பிளாபேரின் தகப்பனார் எவ்வளவு பெரிய டாக்டர் என்று சொன்னார். எம்மாவின் மரணப் படுக்கையில் பாதிரியார் செய்யும் சடங்கு, திருச்சபையின் சடங்கு நூலைத் தழுவியது என்று நிரூபித்தார். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. பிளாபேரைக் காப்பாற்றுவதற்காக ஸெனார் அந்த நாவலை ஒரு நீதிக்கதையாக்கி விட்டார். பினார் நாவலைச் சரியாகப் படித்துவிட்டுக் குற்றம் என்றார். ஸெனார் தவறாகப் படித்துவிட்டுக் குற்றமில்லை என்றார்.

பிப்ரவரி 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இலக்கியத்தின் கடமை மனத்தை அலங்கரித்து உயர்த்துவது என்று நீதிபதிகள் உபதேசம் செய்தார்கள், புத்தகத்தைக் கண்டித்தார்கள், ஆனாலும் அது உழைத்து எழுதிய படைப்பு என்று சொல்லி மூவரையும் விடுதலை செய்தார்கள். ஏப்ரலில் மிஷேல் லெவி என்ற பிரசுரகர்த்தர் வெட்டில்லாத முழு நாவலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கேஸ் நடந்த புத்தகம் அல்லவா? பறந்தது. மே மாதத்தில் சர்க்கார் பத்திரிகையான 'மோனித்தேர்' இதழிலேயே அன்றையப் பெரிய விமர்சகர் ஸேன்த்-பவ் அதைப் பற்றி எழுதினார். டாக்டர் மகன் பேனாவை அறுவைக் கத்தியைப்போல் பிடித்திருக்கிறார் என்பது அவர் கருத்து. வக்கீல் ஸெனாருக்கு நன்றி சொல்லும் சமர்ப்பணம் புத்தகத்தின் முகப்பில் ஏறியது.

*

பிப்ரவரியில் தோற்றுப்போன பினார் ஆகஸ்டில் மறுபடியும் அதே கோர்ட்டில் எழுந்து நின்றார். இந்தத் தடவை எதிரே இருந்தவர் ஒரு கவி. சார்ல்ஸ் போதலேர், பிளாபேர் பிறந்த அதே 1821இல் பிறந்தவர். தகப்பனார் விட்டுப்போன சொத்தில் ஒரு பகுதியைச் சீக்கிரமே கரைத்துவிட்டு, மீதிக்குக் கோர்ட்டார் நியமித்த கார்டியன் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர். எட்கார் ஆலன் போவின் கதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பெயர் வாங்கியிருந்தார். அவருடைய கவிதைத் தொகுதி 'தீமையின் மலர்கள்' 1857 ஜூன் 25ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. நூறு கவிதைகள், முகப்பில் வாசகருக்கு ஒரு கவிதை. அலான்ஸோன் என்ற ஊரில் புலே-மலாஸி என்ற நண்பர் தம் மைத்துனரோடு சேர்ந்து அழகாக அச்சிட்டிருந்தார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஜூலை 5ஆம் தேதி 'பிகாரோ' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. இந்த மனிதருக்குச் சித்தம் சரியாக இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது என்ற தோரணையில் எழுதப்பட்ட கட்டுரை. போலீஸ் இலாகா விழித்துக்கொண்டது. பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவாயிற்று. பிளாபேர் சும்மா இருக்கவில்லை. கவிதை நூலின்மீது வழக்கா, இது புதிதாக இருக்கிறதே என்று வியந்து போதலேருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் பிளாபேருக்கு இருந்த ஆதரவு போதலேருக்கு இல்லை. கௌரவமான குடும்பம், டாக்டர் அண்ணன், அரண்மனைப் பக்கத்துச் செல்வாக்கு எல்லாம் முன்னவருக்கு இருந்தன. பின்னவருக்கு இருந்தவை கடனும் கவிதையும்.

ஆகஸ்டு 20ஆம் தேதி விசாரணை. பினார் இந்த முறை நிதானமாகப் பேசினார். முன்பு சூடுபட்டவர் அல்லவா? கவி அமைதியற்ற மனம் உடையவர், அவரிடம் இரக்கம் காட்டுங்கள். ஆனால் சில கவிதைகளைக் கண்டிப்பது ஓர் எச்சரிக்கையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். புத்தகத்தை முழுசாகப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது போதலேரின் கட்சி. ஒரு கவிதையின் விஷத்துக்கு இன்னொரு கவிதை மாற்று. ஆனால் கோர்ட்டாருக்கு நூறு கவிதைகளையும் எடைபோட அவகாசம் ஏது? அன்றைக்கே தீர்ப்பு. மத விரோதம் என்ற குற்றச்சாட்டுத் தள்ளுபடி. பொது ஒழுக்கத்துக்கு விரோதம் என்பது உறுதி. கவிக்கு 300 பிராங்கு அபராதம். பிரசுரகர்த்தர்கள் இருவருக்கும் தலைக்கு 100. ஆறு கவிதைகளை நீக்கவேண்டும்.

கையில் மிச்சமிருந்த பிரதிகளில் அந்தப் பக்கங்களைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். போதலேர் தம் நூலை ஏதோ தோன்றியபடி திரட்டியவர் அல்ல; எந்தக் கவிதைக்குப் பிறகு எந்தக் கவிதை என்று கணக்குப் பார்த்துக் கோத்தவர். அந்தக் கோவையில் ஆறு மணிகளை அறுத்துவிட்டார்கள். ஹ்யூகோ தம் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த ஆட்சி கொடுக்கக்கூடிய அபூர்வமான விருது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று வாழ்த்தினார். விருது சரி, 300 பிராங்குக்கு எங்கே போவது? நவம்பரில் போதலேர் சக்கரவர்த்தினிக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். கவிகளின் வறுமை உலகம் அறிந்தது என்று அதில் சொல்லியிருந்தார். அபராதத்தை 50 பிராங்காகக் குறைத்தார்கள்.

அந்த வருஷ அக்டோபரில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். தம் காயம் ஆறுவதற்கு முன்பே 'மதாம் பவாரி'யைப் பற்றி ஒரு நீண்ட மதிப்புரை எழுதி வெளியிட்டார். கேஸில் தோற்றவர், கேஸில் ஜெயித்தவரின் புத்தகத்தைப் பொறாமையில்லாமல் பாராட்டினார். அந்த நாவலைப் பற்றி அன்றைக்கு வந்தவற்றில் சிறந்த மதிப்புரைகளில் ஒன்று அது.

மூன்றாவது வழக்கு யூஜீன் ஸூ எழுதிய 'ஜனங்களின் மர்மங்கள்' என்ற நூலின் மீது. ஸூ ஒரு காலத்தில் பிரான்ஸ் முழுவதையும் தொடர்கதையால் கட்டிப் போட்டவர். 1842, 1843இல் அவருடைய 'பாரிஸ் மர்மங்கள்' பத்திரிகையில் வந்தபோது, அடுத்த நாள் இதழுக்காக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். நம் நாட்டு நாவலாசிரியர்கள் 'மர்மம்' என்று தலைப்பு வைத்துத் தள்ளியதற்கெல்லாம் மூதாதை அந்தப் புத்தகம். பிறகு அவர் ஏழைகளின் கட்சிக்காரராக மாறினார். ஓர் உழைப்பாளிக் குடும்பத்தின் கதையைப் புராதன காலத்திலிருந்து 1848 புரட்சி வரை சொல்லும் நெடுங்கதைதான் 'ஜனங்களின் மர்மங்கள்'. நெப்போலியன் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறிய ஸூ, 1857 ஆகஸ்டு 3ஆம் தேதி, அப்போது பிரான்ஸோடு சேராமல் இருந்த ஸவாய் பிரதேசத்தில் காலமானார். ஆள் செத்துவிட்டார் என்று வழக்கு நிற்கவில்லை. செப்டம்பர் 25ஆம் தேதி புத்தகத்தைக் கண்டித்துத் தீர்ப்பாயிற்று. பிரதிகளை அழிக்க உத்தரவிட்டார்கள். பிரசுரகர்த்தர் லாஷாத்ருக்கு ஒரு வருஷச் சிறைத் தண்டனை. அவர் ஸ்பெயினுக்கு ஓடிப் பிழைத்தார். பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் பாகத்தைப் பிரெஞ்சில் வெளியிட்டவர் இவர்தான்.

மூன்று வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கௌரவமான வீட்டுப் பிள்ளை தப்பினார். கடன்காரக் கவி அபராதம் கட்டினார். ஏழைகளுக்காக எழுதியவரின் புத்தகம் அழிந்தது. ஒழுக்கத்தின் பேரால் நடந்த தண்டனையின் அளவு ஒழுக்கத்தைப் பொறுத்து இருக்கவில்லை.

*

பிரான்ஸை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வருஷத்துக்கு நியாயம் செய்ததாகாது. இங்கிலாந்தில் டிக்கன்ஸின் 'லிட்டில் டாரிட்' ஜூனில் முடிந்தது. டிரால்லப்பின் 'பார்ச்செஸ்டர் டவர்ஸ்' வந்தது. மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண்மணி 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகையில் தம் முதல் கதையை எழுதி, ஜார்ஜ் எலியட் என்று ஓர் ஆண் பெயரைச் சூட்டிக்கொண்டதும் அந்த வருஷந்தான். அமெரிக்காவில் ஹெர்மன் மெல்வில் தம் வாழ்நாளில் வெளியான கடைசி நாவலை ஏப்ரலில் வெளியிட்டார். நவம்பரில் 'அட்லாண்டிக்' மாதப் பத்திரிகை தொடங்கியது. வழக்குகளுக்கு இடையே, வசந்த காலத்தில், 28 வயது ருஷ்யப் பிரபு ஒருவர் பாரிஸில் உல்லாசமாகத் தங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் கில்லட்டினில் ஒருவன் தலை வெட்டப்படுவதைப் பார்த்தார். மனம் கலங்கி, உடனே ஊரை விட்டே கிளம்பிவிட்டார். அவர் பெயர் லியோ டால்ஸ்டாய். பிற்பாடு அவரும் புருஷனை விட்டுப்போய் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பெண்ணின் கதையை எழுதினார்.

இங்கிலாந்திலும் புத்தகங்களுக்கு நல்ல காலம் இல்லை. திருமதி காஸ்கெல் எழுதிய சார்லட் பிராண்டியின் வாழ்க்கை வரலாறு மார்ச்சில் வெளியாகி, மான நஷ்ட வழக்குப் பயத்தால் மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. திருத்திய பதிப்புத்தான் மறுபடி வந்தது. பிரதம நீதிபதி காம்ப்பெல் பிரபு ஆபாச நூல்களை ஒழிக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அப்போது பாஷாண விற்பனையைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றும் பிரபுக்கள் சபையில் இருந்தது. ஆபாசப் புத்தகம் பாஷாணத்தைவிடக் கொடிய விஷம் என்று அவர் சொன்னார். நல்ல இலக்கியத்தைத் தொடமாட்டோம் என்று வாக்குறுதியும் கொடுத்தார். மசோதா அந்த வருஷமே சட்டமாயிற்று. வாக்குறுதி சட்டத்தில் ஏறவில்லை. 1889இல் ஸோலாவின் நாவல்களை வெளியிட்டதற்காக ஹென்ரி விஸெட்டெல்லி என்ற வயோதிகப் பிரசுரகர்த்தர் மூன்று மாதம் ஜெயிலில் இருந்தார். 1886இல் 'மதாம் பவாரி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவரும் அவரே. மொழிபெயர்த்தவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினார். அந்தப் பெண்மணி 1898இல் விஷம் குடித்து இறந்தார்.

விஷம் என்ற உவமையைக் காம்ப்பெல் பிரபு கண்டுபிடிக்கவில்லை. 'மதாம் பவாரி'யிலேயே அது இருக்கிறது. மருமகள் நாவல் படித்துக் கெட்டுப்போகிறாள் என்று எம்மாவின் மாமியார் முடிவு கட்டுகிறாள். வாடகை நூல் நிலையத்துக்குப் போய்ச் சந்தாவை நிறுத்தவேண்டும், விஷம் விற்கிற தொழிலை அவன் விடாவிட்டால் போலீஸிடம் சொல்லவேண்டும் என்று யோசிக்கிறாள். பிளாபேர் இதை எழுதியது வழக்குக்கு முன்னால்! நாவலில் மாமியார் நினைத்ததைத்தான் பினார் கோர்ட்டில் செய்து காட்டினார். இத்தனை கவனமாகப் படித்த மனிதர் அந்தப் பக்கத்தை எப்படித் தாண்டிப் போனார் என்று எனக்கு ஆச்சரியம்.

இனி நம் நாடு. 1857 ஜூன் 13ஆம் தேதி கானிங் பிரபுவின் சர்க்கார் ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் அச்சுக்கூடம் வைக்கக்கூடாது. எந்தப் புத்தகத்தையும் பத்திரிகையையும் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. ஒரு வருஷத்துக்கென்று வந்த சட்டம் அது. டில்லியில் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. 'டில்லி உருது அக்பார்' பத்திரிகையின் ஆசிரியர் மௌல்வி முகம்மது பாகிர், நகரம் ஆங்கிலேயர் கையில் விழுந்த செப்டம்பரில் கொல்லப்பட்டார். பாரிஸில் ஸூவின் புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொன்ன அதே மாதம். மகாகவி காலிப் தம் வீட்டுக்குள் முடங்கிக்கிடந்து, கண்டதையும் கேட்டதையும் பாரசீகத்தில் குறித்து வைத்தார். 1858இல் அது 'தஸ்தம்பூ' என்று புத்தகமாயிற்று. இவர்களோடு ஒப்பிட்டால் 300 பிராங்கு அபராதம் எந்த மூலைக்கு?

பாரிஸில் நீதிபதிகள் நாவலை விசாரித்த காலத்தில் தமிழில் விசாரிப்பதற்கு நாவலே இல்லை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம்மிடையே நீதிபதியே நாவலாசிரியராகவும் வந்துவிட்டார்!

ஆனால் காம்ப்பெல் பிரபுவின் சட்டம் நம்மையும் விடவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் 1868இல் லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ளவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்பதே ஆபாசத்துக்கு அளவுகோல் என்றது. 1964இல் நம் சுப்ரீம் கோர்ட்டு இந்த அளவுகோலை வைத்துத்தான், லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதி செய்தது. இங்கிலாந்திலேயே 1960இல் அந்த நாவல் விடுதலையாகிவிட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். 2014இல்தான் நம் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பழைய அளவுகோலைக் கைவிட்டது. பினார் சொன்ன 'இளம் பெண்கள்' நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகக் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிட்டு, 'நீ என்ன படித்தாய், உனக்கு என்ன தோன்றியது?' என்று கேட்டதில்லை.

அந்த வருஷத்து மனிதர்களின் பின்கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பினார் 1867இல் உள்நாட்டு மந்திரியானார். மூன்று வருஷத்தில் அவருடைய சக்கரவர்த்தி ஜெர்மானியரிடம் தோற்று ராஜ்யத்தை இழந்தார். பினார் 1909 வரை வாழ்ந்தார். தாம் கூண்டில் நிறுத்திய புத்தகங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைக்கு வரும் காலம் நெருங்குவதை அவர் பார்த்திருக்கக்கூடும். போதலேர் 1867இல், 46ஆம் வயதில், வாய் பேச முடியாத நோயாளியாக இறந்தார். அவருடைய ஆறு கவிதைகளின் மேலிருந்த தண்டனையைப் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 1949 மே 31ஆம் தேதி ரத்துச் செய்தது. 92 வருஷம் ஆயிற்று. அதற்கென்று 1946இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

பிளாபேர் பழி வாங்கவில்லை. 1873இல் 'மதாம் பவாரி'யின் புதிய பதிப்பு வந்தபோது, மணிக்கு 60 பிராங்கு கொடுத்து எழுதி வைத்த அந்தக் கோர்ட்டு நடவடிக்கையை நாவலின் பின்னால் சேர்த்தார். பினாரின் பேச்சு, ஸெனாரின் பேச்சு, தீர்ப்பு மூன்றும் உள்ளபடியே அச்சாயின. ஒரு வரி பதில்கூட அவர் எழுதவில்லை. முதலில் கதை, பிறகு வாதம், பிறகு எதிர்வாதம். படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் பிரெஞ்சுப் பதிப்புகள் பலவற்றில் அந்த அநுபந்தம் இருக்கிறது. நாவலை வாசித்து முடித்த கையோடு பினாரின் பேச்சையும் படித்துப் பாருங்கள். சில இடங்களில் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகக்கூட உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் பாதகமில்லை. படித்த பிறகு தோன்றுகிறது அல்லவா, அது போதும்.